வீடு மாறும்போது பூனையை என்ன செய்வது?

(வீட்டு விலங்குகளைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை மாற்றம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், ஓய்வுக்காலம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் நாம் வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம். தோட்டத்தில் இருந்தவர்கள் பட்டணத்திற்கு வந்தோம். பட்டணத்தில் இருந்தவர்கள் இன்னொரு பட்டணத்திற்குப் போகிறோம். கட்டில் லோரியில் ஏறுகிறது. ஐஸ்பெட்டி ஏறுகிறது. சாமி படம் பத்திரமாக மடியில் ஏறுகிறது. எல்லாம் ஏறிய பிறகு வாசலில் ஒன்று மட்டும் நிற்கிறது. அது வீட்டுப் பூனை.

"பூனைதானே, அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்பார் ஒருவர். "நாய் மனிதரைச் சுற்றும், பூனை வீட்டைத்தான் சுற்றும். கொண்டுபோனாலும் நிற்காது" என்பார் இன்னொருவர். பயந்த சுபாவம் உள்ள பூனை என்றால் கேட்கவே வேண்டாம். விட்டுவிட்டுப் போவதே அதற்குச் செய்யும் நன்மை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த முடிவு தவறு என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்லன். எங்கள் வீட்டிலேயே இந்தத் தவற்றைச் செய்து, அடிபட்டுப் பாடம் கற்றவன். அதனால் எங்கள் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

அப்பா காலமான மறு வருடம், சுங்கை பட்டாணியில் தனியாக இருந்த அம்மாவை ஜொகூர் பாருவில் இருக்கும் அக்காள் வீட்டிற்கு அழைத்துப் போவதென்று முடிவானது. அம்மாவிடம் ஒரு கடுவன் பூனை இருந்தது. பெயர் மணி. ஒன்பது வருடத்திற்கு முன்பு, அப்பா சந்தையிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. வாசல் கேட்டை யாராவது தட்டினாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி.

"பூனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம், அம்மா" என்றார் அக்காள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "அவன் வரலன்னா நானும் வரல."

புறப்படும் நாள் காலையில் லோரி வந்தது. ஆட்கள் தடதடவென்று சாமான்களைத் தூக்கினார்கள். மணி கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. கட்டிலையும் தூக்கிவிட்டோம். நான்கு பேர் சேர்ந்து துரத்திப் பிடித்து, முதல் நாள் வாங்கிய புத்தம் புதிய பிளாஸ்டிக் கூண்டிற்குள் திணித்தோம். வழியில் பசிக்குமே என்று அம்மா அதற்கு முன்பே கெம்போங் மீனும் சோறும் வயிறு நிறையக் கொடுத்திருந்தார்.

ஈப்போ வருவதற்குள் மணி வாந்தி எடுத்தது. ஓயாமல் கத்தியது. ஈப்போவைத் தாண்டி ஓர் ஓய்வுத் தளத்தில் காரை நிறுத்தினோம். அக்காள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பாவம், துடைத்துவிடலாம் என்று கூண்டுக் கதவைத் திறந்தான். காரின் கதவும் அப்போது திறந்துதான் இருந்தது. கண் இமைப்பதற்குள் மணி பாய்ந்து, நின்றிருந்த லோரிக்கு அடியில் புகுந்து மறைந்துவிட்டது.

மூலைக்கு ஒருவராக ஓடினோம். "மணி, மணி" என்று கத்தினோம். ஐந்து மணி நேரம் தேடியும் காணவில்லை. அம்மா அழவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. கடைசியில், அங்கே கடை வைத்திருந்த ஒரு மலாய்க்கார மாக்சிக் வந்து, "எல்லாரும் கத்தாதீர்கள். அது தூரம் போயிருக்காது. பயந்து ஒளிந்திருக்கும். இரவு சத்தம் அடங்கட்டும், பாட்டி மட்டும் உட்கார்ந்து கூப்பிடட்டும்" என்றார்.

அப்படியே செய்தோம். அம்மா தம்முடைய பையிலிருந்து அப்பாவின் பழைய கைலி ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். இரவு பதினொரு மணியைத் தாண்டி, கால்வாய்க் குழாய்க்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. நாங்கள் காரை நிறுத்திய இடத்திலிருந்து அந்தக் குழாய் முப்பது அடிகூட இல்லை.

மணி பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். இனிச் சொல்லப்போவதெல்லாம், அதிர்ஷ்டத்தை நம்பாமல் இந்தப் பயணத்தை எப்படிச் செய்வது என்பதைப் பற்றி.

பூனைக்கு வீடு என்பது என்ன?

முதலில் பூனையைப் புரிந்துகொள்வோம். நமக்கு வீடு என்றால் முகவரி, அறைகள், சுவர். பூனைக்கு வீடு என்பது வாசனை. பூனை நம் காலிலும் கதவு ஓரத்திலும் மேசைக் காலிலும் கன்னத்தை வைத்துத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சுகிறது என்று நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் அதன் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தேய்க்கும் இடத்திலெல்லாம் "இது எனக்குத் தெரிந்த இடம், இங்கே ஆபத்து இல்லை" என்று அது எழுதி வைக்கிறது. அந்த எழுத்து நம் மூக்கிற்கு எட்டாது. பூனைக்கு அதுவே ஊர் வரைபடம்.

வீடு மாறும் நாளில் அந்த வரைபடம் முழுவதும் ஒரே காலையில் அழிந்துபோகிறது. அதோடு சத்தமும் சேர்கிறது. மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனையின் காது 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். நெடுஞ்சாலையில் நமக்கு இரைச்சலாகப் படுவது அதற்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பூனைக்கு உள்ளங்காலில் வியர்க்கும். பயந்த பூனை மருத்துவரின் மேசையில் நடந்தால் ஈரமான பாதச்சுவடு விழுவதைக் காணலாம். கத்தாமல் இருக்கும் பூனை பயப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால், பூனை வீட்டைத்தான் நேசிக்கிறது, நம்மை அல்ல என்று பெரியவர்கள் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். பழக்கமில்லாத அறையில் பூனையை அதன் பராமரிப்பாளரோடு விட்டு, அவரைச் சிறிது நேரம் வெளியே அனுப்பி, பிறகு திரும்ப வரச்செய்தார்கள். 2019ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள், அவர் திரும்பி வந்ததும் அமைதியடைந்து, பிறகு தைரியமாக அறையைச் சுற்றிப் பார்த்தன. அதாவது, புது இடத்தில் பூனைக்குப் பிடிமானமாக இருப்பது அதற்குப் பழகிய மனிதர். வீட்டை இழக்கும் பூனையிடமிருந்து அந்த மனிதரையும் பறித்துவிடுவது நன்மை ஆகுமா?

ஆகவே நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பழைய வீட்டை நம்மால் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழைய வாசனையைக் கொண்டுபோக முடியும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

மூன்று வாரத்திற்கு முன்பே தொடங்குங்கள்

புறப்படும் நாளில் கூண்டை வெளியே எடுப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கூண்டு ஸ்டோரிலிருந்து வெளியே வந்தால் ஊசிபோடத்தான் வரும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

குறைந்தது மூன்று வாரத்திற்கு முன்பே கூண்டை வரவேற்பறையில், பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்திற்குப் பக்கத்தில் திறந்து வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய சட்டையையோ பூனையின் போர்வையையோ போடுங்கள். முதலில் கூண்டின் வாசலிலும் பிறகு உள்ளேயும் சாப்பாட்டை வையுங்கள். அது தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு, கதவை ஒரு நிமிடம் மூடித் திறவுங்கள். பிறகு ஐந்து நிமிடம். பிறகு காரில் வைத்து வீட்டைச் சுற்றி ஒரு வலம். கடினமான பிளாஸ்டிக்கில் செய்த, மேல்பாகம் கழற்றக்கூடிய கூண்டு நல்லது. பயந்த பூனையை முன்வாசல் வழியாக இழுக்காமல், மேல்பாகத்தைக் கழற்றி அப்படியே தூக்கலாம்.

இரண்டாவது, மைக்ரோசிப். அரிசிமணி அளவே உள்ள இதைக் கால்நடை மருத்துவர் பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசிமூலம் செலுத்துவார். கருவியால் வருடினால் 15 இலக்க எண் தெரியும். அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் தொலைபேசி எண் இன்று நீங்கள் பயன்படுத்தும் எண்ணா என்று பாருங்கள். பழைய வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய. பூனையின் தெளிவான புகைப்படம் ஒன்றும் கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

மூன்றாவது, மருந்து. பயம் மிகுந்த பூனைக்குக் கால்நடை மருத்துவரிடம் பேசி மருந்து வாங்குவதில் தவறே இல்லை. கேபாபென்டின் என்ற மருந்தைப் பயணத்திற்கு முன் கொடுத்த பூனைகளிடம் பதற்றம் குறைந்ததாக 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பூனைகளின் பயண பயத்திற்கென்றே செய்யப்பட்ட பிரிகாபாலின் திரவ மருந்துக்கு ஐரோப்பாவில் 2021இல் அனுமதி கிடைத்தது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கொடுக்கச் சொன்ன மருந்தைப் பயண நாளுக்கு முன்பே ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பூனைக்கும் அது வேலை செய்யும் விதம் வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் சாப்பிடும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

நான்காவது, எதையும் துவைக்காதீர்கள். புது வீட்டிற்குப் போகிறோம், எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று எங்கள் அம்மா மணியின் போர்வையைத் துவைத்துவிட்டார். கூண்டும் புதிது. பாவம், அதற்குத் தெரிந்த வாசனை எதுவுமே அதனோடு பயணம் செய்யவில்லை.

பயண நாள்

சாமான் ஏற்றும் ஆட்கள் வருவதற்கு முன்பே, காலியான ஓர் அறையிலோ குளியலறையிலோ பூனையைக் கூண்டு, தண்ணீர், மணல் தட்டு ஆகியவற்றோடு விட்டுக் கதவைப் பூட்டுங்கள். "உள்ளே பூனை, திறக்காதீர்கள்" என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். கட்டில்கள் எல்லாம் போனபிறகு, வீட்டில் நன்கு பழகிய ஒருவர் மட்டும் உள்ளே போய் அதைக் கூண்டிற்குள் விடட்டும்.

புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். எங்கள் அம்மாவின் மீன்சோறு பாசத்தால் கொடுத்தது. ஆனால் வழிநெடுக அவதியானது அதனால்தான். ஆரோக்கியமான பெரிய பூனை ஒரு நாள் பயணத்தில் பட்டினியால் வாடிவிடாது. குட்டிக்கும் நீரிழிவு போன்ற நோயுள்ள பூனைக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கூண்டைக் காரின் முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஆடாமல் வையுங்கள், அல்லது பின் இருக்கையில் இடைவாரால் கட்டுங்கள். சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். லோரியில் சாமான்களோடு அனுப்பவே கூடாது. கூண்டின் மேல் மெல்லிய துணியால் மூடுங்கள், காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். கண்ணுக்கு எதிரே ஓடும் உலகம் மறைந்தால் பாதிப் பயம் குறையும். காரில் தொங்கும் வாசனை அட்டையைக் கழற்றிவிடுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஏறாதீர்கள். வானொலி மெதுவாக ஒலிக்கட்டும். பூனை கத்தினால் அதட்ட வேண்டாம். தாழ்ந்த குரலில் பேசினால் போதும்.

பூனையின் கன்ன வாசனையைப் போலச் செயற்கையாகச் செய்த ஃபெலிவே என்ற தெளிப்பான் கால்நடை மருத்துவமனைகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் கிடைக்கிறது. புறப்படுவதற்குப் பதினைந்து நிமிடத்திற்கு முன் கூண்டிற்குள் போடும் துணியில் அடிக்கலாம். பூனையின் மேல் அடிக்கக் கூடாது. எல்லாப் பூனைக்கும் அது ஒரே பலனைத் தருவதில்லை. பழைய போர்வைக்குத் துணையாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஓய்வுத் தளங்களில் நிற்காமல் போக முடியாது. அங்கேதான் கவனம் வேண்டும். காரின் நான்கு கதவுகளும் கண்ணாடிகளும் மூடியிருந்தால் ஒழியக் கூண்டைத் திறக்காதீர்கள். தண்ணீரும் மணல் தட்டும் காட்டுவதாக இருந்தால், உள்ளே இருப்பவர் கூண்டைத் திறக்கும் முன் "திறக்கிறேன்" என்று சொல்லட்டும், மற்றவர்கள் கார்க் கதவைத் தொடக் கூடாது. பல பூனைகள் வழியில் தண்ணீரும் குடிக்காது, சிறுநீரும் கழிக்காது. கட்டாயப்படுத்தாதீர்கள்.

பூனையைக் காரில் விட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. முறை வைத்துச் சாப்பிடுங்கள். குளிர்சாதனம் ஓடட்டும், ஒருவர் உள்ளே இருக்கட்டும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது ஆபத்தின் அடையாளம். உடனே குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அருகிலுள்ள மருத்துவரை நாடுங்கள்.

புது வீட்டில் ஒரே ஓர் அறை

ஆசையாக வீடு வாங்கியிருக்கிறோம், பூனை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கட்டும் என்று வாசலிலேயே கூண்டைத் திறந்துவிடுவோம். பூனைக்கு அது கூட்டமான சந்தையில் கைவிடப்பட்ட குழந்தையின் நிலை. அது கண்ணில் படும் முதல் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும். மணி துணி துவைக்கும் இயந்திரத்திற்குப் பின்னால் போய் ஒடுங்கியது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மருத்துவரிடம் கொண்டுபோனோம். வழி சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"இவ்வளவு பெரிய வீட்டை அதற்குக் கொடுக்காதீர்கள். ஓர் அறையைக் கொடுங்கள்" என்றார்.

அம்மாவின் படுக்கையறையை ஒதுக்கினோம். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் துவைக்காத அப்பாவின் கைலி, கவிழ்த்து வாசல் வெட்டிய ஓர் அட்டைப்பெட்டி. பழைய மணலில் ஒரு பிடியைப் புது மணலோடு கலப்பதும் நல்லது. அட்டைப்பெட்டிதானே என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் புதிதாகக் காப்பகத்திற்கு வந்த பூனைகளில் சிலவற்றிற்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவில் புது இடத்திற்குப் பழகியதாக 2014இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரத் தைரியம் வரும். ஆகவே பெட்டிக்குள் கைவிட்டு இழுக்காதீர்கள்.

மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அதே துணியால் அறையின் கதவு ஓரங்களையும் நாற்காலிக் கால்களையும் பூனையின் உயரத்தில் துடைத்துவிடுங்கள். அழிந்த வரைபடத்தின் முதல் கோட்டை நீங்களே போட்டுக் கொடுக்கிறீர்கள். பிறகு தரையில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள், பத்திரிகை படியுங்கள். பூனை பார்த்தால் முறைத்துப் பார்க்காமல் கண்களை மெதுவாக மூடித் திறவுங்கள். அப்படிச் செய்பவரை நோக்கிப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வருவதை 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பூனை மொழியில் அது "பயப்படாதே" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பூனை அந்த அறையில் நன்றாகச் சாப்பிட்டு, மணலைப் பயன்படுத்தி, கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கிய பிறகு, இரவில் வீடு அடங்கியதும் கதவைத் திறந்து வையுங்கள். சில பூனைக்கு மூன்று நாள். சில பூனைக்கு மூன்று வாரம். வீட்டிற்கு வெளியே மட்டும் குறைந்தது ஒரு மாதத்திற்கு விட வேண்டாம்.

நம் வீடுகளுக்கென்று ஒரு செய்தி உண்டு. புதுமனை புகுவிழாவில் ஹோமப் புகை, மணியோசை, நூறு பேர் வருகை எல்லாம் இருக்கும். நமக்கு அது மங்கலம். பூனைக்கு அதைவிடக் கொடுமையான நாள் கிடையாது. விழா முடிந்து உறவினர் போன பிறகு பூனையைக் கொண்டுவருவதே நல்லது. வீடு கழுவும்போதும் கவனம் தேவை. தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் ஃபினாயில் வகைகள் பூனைக்கு விஷம். ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும். வெறும் சவர்க்கார நீர் நமக்கும் நல்லது, அதற்கும் நல்லது.

இரண்டு நாள் முழுவதும் எதுவுமே சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அது அடைப்பு. மன அழுத்தத்திலும் இது வரும். மலச்சிக்கல் என்று நினைத்து நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

காணாமல் போய்விட்டால்

இவ்வளவு கவனித்தும் தப்பி ஓடிவிட்டால்? ஓய்வுத் தளத்து மாக்சிக் சொன்னதை நினைவில் வையுங்கள். காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் 75 விழுக்காடு தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. பயந்த பூனை ஓடாது, ஒடுங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்காது. ஊரெல்லாம் தேடுவதற்கு முன், கார்களுக்கு அடியில், கால்வாயில், படிக்கட்டுக்குக் கீழே, அண்டை வீட்டு ஸ்டோரில் விளக்கடித்துப் பாருங்கள். பூனையின் கண் மின்னும். இரவு அமைதியான பிறகு, பழகிய ஒருவர் மட்டும் பழைய துணியோடும் சாப்பாட்டோடும் உட்காரட்டும்.

கடல் கடந்து போவோருக்கு

சபா, சரவாக்கிற்குப் பூனையைக் கொண்டுபோக அனுமதி பெற வேண்டும். 2017இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதிலிருந்து கவனிப்பும் கூடியிருக்கிறது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கால்நடைச் சேவைத் துறையில் விசாரித்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்குப் போவோர் கவனிக்கவும். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். ஆனால் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோவதற்கு இறக்குமதி அனுமதி, தடுப்பூசி, சுகாதாரச் சான்றிதழ் என்று ஏற்பாடுகள் உள்ளன. புறப்படும் நாட்டைப் பொறுத்து இரத்தப் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் சேரும். மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்குங்கள். காரில் ஒளித்துக் கொண்டுபோவது குற்றம். பிடிபட்டால் தண்டனை உங்களுக்கு மட்டும் அல்ல, பூனைக்கும்தான்.

முடிவாக ஒரு வார்த்தை

ஐந்தாம் நாள் இரவு மணி சாப்பிட்டது. இருபதாம் நாள் வரவேற்பறைக்கு வந்து, அக்காள் வீட்டு நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்த்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த இருபது நாளும் அம்மாவும் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. நாங்கள் பூனையின் பயத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டோம். அம்மாவிடம் "எப்படி அம்மா இருக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை அவரும்தான் ஒரே காலையில் விட்டுவிட்டு வந்தார். அவருடைய பழைய அம்மிக்கல்லைக் கனம் என்று சொல்லி நாங்கள் லோரியில் ஏற்றவில்லை.

அடுத்த மாதம் நான் சுங்கை பட்டாணிக்குப் போய் அந்த அம்மிக்கல்லைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

தூரத்தை நாம் கிலோமீட்டரில் அளக்கிறோம். எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். பயந்த உயிருக்குப் பயணம் அங்கே முடிவதில்லை. புது இடத்தில் பழகிய வாசனை ஒன்றும், ஒளிந்துகொள்ள ஒரு மூலையும், அவசரப்படுத்தாத ஒரு மனிதரும் இருந்தால், அது மெல்ல மெல்ல வந்து சேரும். வீடு மாறப்போகும் அன்பர்களே, வாசலில் நிற்கும் அந்த வாயில்லா ஜீவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்பே கூண்டைத் திறந்து வையுங்கள்.